ஒரு ரூபாய் டிக்கெட்டும் கமலாபுரத்து நிலமும்

1

‘சூரரைப் போற்று’ வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இன்னும் மாதம் ஒருமுறையாவது அந்தப் படத்தின் ஏதோவொரு துண்டு என் ஃபோனுக்கு வந்துவிடுகிறது. பெரும்பாலும் அந்த விமான நிலையக் காட்சிதான். அப்பா சாகக் கிடக்கிறார், டிக்கெட்டுக்குக் காசு பத்தவில்லை, மாறன் முன்பின் தெரியாதவர்களிடம் கையேந்துகிறான். கூடவே யாராவது ஒரு வரி சேர்த்திருப்பார்கள்: ‘ஏழையைப் பறக்க வைத்த சமூகநீதி நாயகன்.’

காட்சியோடு எனக்குச் சண்டை இல்லை. சூர்யா அதில் நடித்ததைப் பார்த்துத் தொண்டை அடைக்காதவர்கள் குறைவு. ஐந்து தேசிய விருதுகள் வாங்கிய படம், நல்ல படம். என் சண்டையெல்லாம் அந்த வரியோடுதான். ஒரு தனியார் விமான கம்பெனி தொடங்கப்பட்டதை நாம் சமூகநீதி என்று அழைக்கப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் நம் ஊர்களுக்குச் செலவு வைக்கிறது. சிலருக்கு நிலமாகவே செலவு வைக்கிறது.

ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். படத்துக்கு மூலமான ஜி. ஆர். கோபிநாத் சோழவந்தான்காரர் அல்ல, கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்து கோரூர்க்காரர். விமானப்படை அல்ல, தரைப்படை கேப்டன். பெரியாரியர் அல்ல, பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். அவரை எடுத்து மாறனாக மாற்றியது சரியா என்று ஒரு விவாதம் நடந்தது. நியாயமான விவாதம்தான். ஆனால் அந்த விவாதத்தில் இரண்டு தரப்புமே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: அந்த ஆள் செய்தது மகத்தான காரியம், அது யார் கணக்கில் சேர வேண்டும் என்பதுதான் கேள்வி. அந்தக் காரியம் என்ன ஆனது என்று யாரும் கேக்கல. படம் வெற்றியில் முடிகிறது. கம்பெனி அங்கே முடியவில்லை.

2

ஏர் டெக்கான் செய்ததைக் குறைத்துச் சொன்னால் இந்தக் கட்டுரைக்கே மரியாதை இல்லை. அதனால் அதை முழுசாகச் சொல்கிறேன்.

கோபிநாத் ராணுவத்திலிருந்து இளம் வயதிலேயே வெளியே வந்தவர். ஹாசன் பக்கம் பட்டுப்பூச்சி வளர்த்தார், விவசாயம் பார்த்தார். 1997இல் ஹெலிகாப்டர் கம்பெனி. 2003 ஆகஸ்டில் ஏர் டெக்கான். அன்றைக்கு இந்தியாவில் விமானப் பயணம் என்றால் இந்தியன் ஏர்லைன்ஸ், ஜெட், சஹாரா. பெருநகரத்திலிருந்து பெருநகரம். சாப்பாடு, கைக்குட்டை, புன்னகை எல்லாம் டிக்கெட்டிலேயே சேர்த்தி. டெக்கான் ஐம்பது பேர்கூட உட்கார முடியாத ஏடிஆர் 42 ரக விமானத்தை எடுத்துக்கொண்டு ஹூப்ளிக்கும் மங்களூருக்கும் பறந்தது. ஐதராபாத்திலிருந்து விஜயவாடாவுக்கு ஏற்பாடு செய்த தொடக்க விழா விமானத்தின் என்ஜினிலேயே தீப்பிடித்தது. மத்திய அமைச்சரெல்லாம் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகும் கம்பெனியை நடத்த நெஞ்சுரம் வேண்டும். அவருக்கு இருந்தது.

ஏடிஆர் என்பது வெளியே விசிறி சுற்றும் ரகம். ஜெட் அளவுக்கு வேகமில்லை. ஆனால் குறைந்த தூரத்துக்கு எரிபொருள் செலவு குறைவு, குட்டையான ஓடுபாதை போதும். சாப்பாடு கிடையாது, வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கிக்கொள். அச்சடித்த டிக்கெட் கிடையாது, இணையத்தில் பதிவு செய்து தாளில் எடுத்துக்கொள். முதலில் வாங்குகிறவனுக்கு மலிவு, கடைசியில் வாங்குகிறவனுக்கு விலை. அந்த ஒரு ரூபாய் டிக்கெட்டும் இந்த ஏணியின் கடைசிப் படிதான். சில சீட்டுகளுக்கு மட்டும், வரியும் கட்டணமும் தனி. விளம்பரச் செலவாக அதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

நாலே வருஷத்தில் நாற்பதுக்கு மேல் விமானங்கள், அறுபதுக்கு மேல் ஊர்கள். உள்நாட்டுப் பயணிகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் டெக்கானில் போனார். நம் தூத்துக்குடிக்கும் வந்தது. போட்டிக் கம்பெனிகள் விலையை இறக்க வேண்டி வந்தது. இது எதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் இது எந்தத் தரையில் நின்று நடந்தது? ஓடுபாதை போட்டது அரசு. சிறு ஊர் விமான நிலையங்களைப் பயணி இல்லாத வருஷங்களிலும் பூட்டுப்போட்டுக் காவல் காத்தது அரசு. எண்பது சீட்டுக்குக் குறைவான விமானத்துக்குத் தரையிறங்கும் கட்டணம் வேண்டாம் என்றது அரசு. பெரிய விமானத்தின் எரிபொருளுக்குத் தமிழ்நாடு வெகுகாலம் 29 சதவீதம் வரி வாங்கியபோது, சிறிய விமானத்தின் எரிபொருளுக்கு 4 சதவீதம் போதும் என்றது மத்திய சட்டம். இந்தச் சலுகைகள் தப்பு என்று நான் சொல்லவில்லை. தேவையான சலுகைகள்தான். ஆனால் அரசு அதிகாரி என்றால் ஃபைலை அமுக்குகிறவன், தனி மனிதன் என்றால் சுவரை இடிக்கிறவன் என்ற கதையில் இந்தக் கணக்கு எங்கேயும் வராது. பெரும் பங்கு போட்டவனை வில்லனாக்கிவிட்டு ஹீரோவுக்குக் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

3

இப்போது யாரும் ஃபார்வர்டு செய்யாத பாதி.

விமானத்தைச் சொந்தமாக வாங்குகிறவர்கள் குறைவு. வாடகைக்கு எடுப்பதுதான் வழக்கம். வாடகை டாலரில். பறந்தாலும் கட்ட வேண்டும், நின்றாலும் கட்ட வேண்டும். டிக்கெட்டோ ரூபாயில். எரிபொருள் விலை எண்ணெய்ச் சந்தை சொல்லும் விலை. இந்த மூன்றும் ஒருவன் கையிலும் இல்லை. அவன் கையில் இருப்பது ஒன்றே ஒன்று: இன்னும் நிறைய விமானம், இன்னும் நிறைய ஊர், இன்னும் நிறைய பங்கு. வளர்ந்துகொண்டே இருந்தால்தான் அடுத்த முதலீட்டாளர் வருவார். அவர் வந்தால்தான் போன மாதத்து வாடகையைக் கட்டலாம். டெக்கான் இந்த ஓட்டத்தில்தான் ஓடியது. ஏடிஆரோடு ஏர்பஸ் 320ஐயும் சேர்த்தது. இரண்டு ரகம் என்றால் இரண்டு வகை பைலட், இரண்டு வகை மெக்கானிக், இரண்டு கிடங்கு உதிரி பாகம். 2006இல் பங்குச் சந்தைக்குப் போனது. அந்த மே மாதம் சந்தை விழுந்ததில் விலையைக் குறைத்து, கெடுவை நீட்டித்துத்தான் பங்குகளை விற்க முடிந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் இண்டிகோ வந்தது, ஒரே ரக விமானத்தோடு. அதற்கு ஹூப்ளியைப் பற்றிக் கவலையில்லை.

2007 மத்தியில் விஜய் மல்லையாவின் யூபி குழுமம் டெக்கானின் 26 சதவீதப் பங்கை 550 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஏன் வாங்கினார்கள் என்பதை நிதானமாகப் பாருங்கள். சிறு ஊர் மக்கள் மேல் பாசமா? அன்றைய விதிப்படி ஓர் இந்திய கம்பெனி வெளிநாட்டுக்குப் பறக்க வேண்டுமென்றால் ஐந்து வருஷம் உள்நாட்டில் பறந்திருக்க வேண்டும், இருபது விமானம் வைத்திருக்க வேண்டும். கிங்ஃபிஷர் பிறந்தது 2005 மே. அது 2010 வரை காத்திருக்க வேண்டும். டெக்கானுக்கு 2008 ஆகஸ்டிலேயே ஐந்து வயசு. சட்டப்படி பார்த்தால் டெக்கான் கிங்ஃபிஷருக்குள் போகவில்லை, கிங்ஃபிஷர்தான் டெக்கானின் கம்பெனிக்குள் வந்து சேர்ந்தது. பிறகு அந்தக் கம்பெனிக்குக் கிங்ஃபிஷர் என்று பேர் மாற்றினார்கள். 2008 ஆகஸ்டில் டெக்கான் ‘கிங்ஃபிஷர் ரெட்’ ஆனது. செப்டம்பர் முதல் வாரத்தில் பெங்களூரிலிருந்து லண்டனுக்கு முதல் விமானம் கிளம்பியது.

அதாவது ஹூப்ளிக்கும் தூத்துக்குடிக்கும் பறந்து பறந்து சேர்த்த ஐந்து வருஷம், லண்டனுக்கு அனுமதிச் சீட்டாக மாறியது. சாதாரணன் பறந்ததன் சந்தை மதிப்பு கடைசியில் அந்த ஒரு பிறந்தநாள்தான்.

மீதியை எல்லோரும் படித்திருப்பீர்கள். 2011 செப்டம்பரில் மலிவு விலைச் சேவையே வேண்டாம் என்று மல்லையா அறிவித்தார். 2012 அக்டோபரில் கம்பெனியே தரையிறங்கியது. ஊழியர்கள் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் வீதிக்கு வந்தார்கள். கடனை வாங்கியவர் லண்டனில். கடன் கொடுத்ததில் பெரும்பகுதி பொதுத்துறை வங்கிகள், அதாவது நீங்களும் நானும், பஸ்ஸில் போகிற என் சித்தியும்.

இதற்கெல்லாம் கோபிநாத் பொறுப்பா என்று கேட்பீர்கள். கிடையாது. விற்றது அவர் உரிமை. விற்காவிட்டால் கம்பெனி முன்னமே மூழ்கியிருக்கலாம். நான் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை, அவருக்கு நாம் கட்டிய கோயிலைத்தான் கேள்வி கேட்கிறேன். எவ்வளவு நல்லவன் நடத்தினாலும் விற்றுவிடக்கூடிய ஒன்றை மக்களின் உரிமை என்று சொல்லக் கூடாது. உரிமை என்றால் அதன் சொந்தக்காரன் மனசு மாறினாலும் அது இருக்க வேண்டும்.

4

நான் ஓமலூர்ப் பக்கம் வளர்ந்தவன். சேலம் விமான நிலையம் இருப்பது சேலத்தில் அல்ல, ஓமலூர் தாலுகாவில், கமலாபுரத்தில். அதன் கதையைச் சொன்னால் போதும், மேலே சொன்னதெல்லாம் பெங்களூர் விவகாரம் என்று தோன்றாது.

1993இல் திறந்தார்கள். சென்னையைச் சேர்ந்த என்இபிசி கம்பெனி கொஞ்ச காலம் பறந்துவிட்டு நிறுத்தியது. 1997 வாக்கில் அந்தக் கம்பெனியே இல்லை. பிறகு வருஷக்கணக்கில் ஓடுபாதை சும்மா கிடந்தது. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் வந்தது, ஏடிஆரோடு. ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. கிங்ஃபிஷருக்கு மூச்சு முட்டியபோது முதலில் நின்ற ஊர்களில் சேலமும் ஒன்று. மறுபடி பூட்டு. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது. மூன்று வருஷம் சொச்சம் ஓடி அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி விமானம், மறுபடி ரிப்பன். முப்பது வருஷத்தில் நாலு தொடக்க விழா. இந்த உலகத்தில் எங்கள் ஊருக்குத் தொடக்க விழாவுக்கு மட்டும் பஞ்சமே இருந்ததில்லை.

2018இல் இன்னொன்றும் நடந்தது. விமான நிலையத்தை விரிவாக்க வேண்டும், 570 ஏக்கர் வேண்டும் என்று அளக்க வந்தார்கள். கமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி. எட்டு வழிச்சாலைக்குக் கல் நட்ட அதே வருஷம். ஏற்கெனவே இந்த விமான நிலையத்துக்காக ஒரு தடவை நிலம் கொடுத்த ஊர்கள் இவை. ரெண்டாந்தடவையும் எங்ககிட்டயேதானா என்று கேட்டார்கள். அதில் பதில் சொல்ல முடியாத ஒரு நியாயம் இருக்கிறது.

விமான நிலையத்துக்குக் கொடுத்த நிலம் திரும்பி வராது. அது நிரந்தரம். கம்பெனியோடு போடும் ஒப்பந்தம் மூன்று வருஷம். விவசாயி கொடுப்பது தலைமுறைக்கும், கம்பெனி கொடுப்பது கால அட்டவணை மாறும்வரைக்கும். இந்த வியாபாரத்தில் யார் ஏமாளி என்று கண்டுபிடிக்கப் பொருளாதாரம் படித்திருக்கத் தேவையில்லை. ஆனால் ‘வளர்ச்சி வேண்டாமா, நம்ம ஆளுங்களும் பறக்க வேண்டாமா’ என்று யாராவது கேட்டால் அந்த விவசாயி வாயடைத்து நிற்கிறார். அவரை வாயடைக்க வைக்கும் வாசகத்தில் பாதியை நம் சினிமா எழுதித் தந்திருக்கிறது. பறப்பது விடுதலை என்றான பிறகு, நிலத்தில் நிற்பவன் பிற்போக்காளன் ஆகிவிடுகிறான்.

5

சேலம் விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். உடான் திட்டம் 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 ஏப்ரலில் பறக்கத் தொடங்கியது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய், குறிப்பிட்ட சீட்டுகளுக்கு. நட்டத்தை அரசு மூன்று வருஷம் ஈடுகட்டும். பெரிய வழித்தடங்களில் போகும் விமானங்களிடம் வாங்கும் தீர்வைதான் அதற்குப் பணம். எண்ணம் நல்ல எண்ணம். 2023இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை வந்தது. ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403இல் ஒரு விமானமும் பறக்கவே இல்லை. பறந்த 371இல் மூன்று வருஷத்தை முழுசாக முடித்தவை 112. அந்த மூன்று வருஷத்துக்குப் பிறகும் நீடித்தவை 54. எழுநூற்று எழுபத்து நாலில் ஐம்பத்து நாலு.

அந்தப் பட்டியலில் ஏர் டெக்கானும் இருந்தது. அதே பெயரில், 19 பேர் உட்காரும் பீச்கிராஃப்ட் விமானத்தோடு 2017 டிசம்பரில் ஜல்காவ்ன் – மும்பை வழியில் மீண்டும் தொடங்கினார்கள். அடுத்த வருஷமே பல வழித்தடங்கள் கையைவிட்டுப் போயின. 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கில் சேவை நின்றது, ஊழியர்கள் சம்பளமில்லாத விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். ‘சூரரைப் போற்று’ வெளியானது அதே 2020 நவம்பரில். திரையில் விமானங்கள் இறங்க இறங்க நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நிஜத்தில் அந்தப் பெயர் கொண்ட விமானம் எதுவும் வானத்தில் இல்லை.

6

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று தெரியும். முதல் வாதம்: ‘டெக்கான் செத்தாலும் அதனால்தான் இன்றைக்கு நீயும் பறக்கிறாய்.’ சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். நான் பறக்கிறேன், சென்னையிலிருந்து பெங்களூருக்கு, பெங்களூரிலிருந்து டெல்லிக்கு. போட்டி விலையை இறக்கியது நிரம்பி வழியும் வழித்தடங்களில். நடுத்தர வர்க்கத்துக்கு அது லாபம், எனக்கும் லாபம். ஆனால் என் லாபத்துக்குச் சமூகநீதி என்று பேர் வைத்துக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இரண்டாவது: ‘அப்போ அரசு நடத்தினா கிழிச்சிருமா?’ அரசு நடத்தியும் பார்த்தோம். 1981இல் வாயுதூத் என்று ஒரு கம்பெனி, வடகிழக்குக்காகத் தொடங்கி நாடெங்கும் பறந்தது, நம் தஞ்சாவூருக்கும் நெய்வேலிக்கும்கூட. நட்டத்தில் மூழ்கி இந்தியன் ஏர்லைன்ஸில் கரைந்தது. பழைய பொற்காலம் எதையும் நான் விற்க வரவில்லை. என் கேள்வி வேறு. ஒரு சேவை பொதுத் தேவையா, வியாபாரமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வியாபாரம் என்றால் வியாபாரமாக நடக்கட்டும், விவசாயி நிலத்தை ‘பொது நோக்கம்’ என்று சொல்லி எடுக்காதீர்கள். பொதுத் தேவை என்றால் மூன்று வருஷ ஒப்பந்தம் போடாதீர்கள். அமெரிக்கா 1978இல் விமானத் துறையைச் சந்தைக்குத் திறந்துவிட்டபோது, சிறு ஊர்களுக்கு மட்டும் அரசுப் பணத்தில் சேவை தொடரும் என்று கூடவே எழுதிவைத்தது. சந்தையைக் கும்பிடும் அந்த நாட்டிலேயே அது இன்றும் ஓடுகிறது. நம்மிடமும் 1994 முதல் ஒரு விதி உண்டு: லாபமான தடத்தில் பறக்கிறவன் வடகிழக்கு, காஷ்மீர், அந்தமான் போன்ற இடங்களுக்கும் இத்தனை பங்கு பறந்தாக வேண்டும். அந்த விதியைப் போட்டது ஒரு நாயகனும் இல்லை. கட்டாயம் என்பதால் அது நின்றது.

மூன்றாவது வாதம்தான் எனக்குப் பிடித்தது: ‘கனவு காண்கிறவனை ஏன்யா கீழே இழுக்கிற?’ யாரையும் இழுக்கவில்லை. போக்குவரத்தால் ஒரு சமூகம் மாறுவதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் தனியார் பஸ்களை நாட்டுடைமையாக்கி, சென்னைக்குப் பல்லவன், சேலத்துக்கு அண்ணா என்று போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் மில்லுக்கும் ஜனம் போனது அந்த பஸ்ஸில்தான். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு ரூபாய்கூட இல்லை, சும்மா. வரியும் தனியாக இல்லை, முதலில் வந்தவருக்கு மட்டும் என்ற கணக்கும் இல்லை. அந்தக் கழகங்கள் நட்டத்தில் ஓடுகின்றன, கூரை ஒழுகுகிறது, ரிட்டையர் ஆனவர்கள் தங்கள் பணத்துக்காகப் போராடுகிறார்கள். திட்ட வேண்டியது ஆயிரம் இருக்கிறது. ஆனால் காலை ஆறு மணிக்கு பஸ் வந்து நிற்கிறது. லண்டனுக்குப் போக ஆசைப்பட்டு யாரும் அதை வாங்கிவிட முடியாது.

அந்த பஸ்ஸுக்கு ஒரு படம் எடுக்க நம்மிடம் ஆள் இல்லை. எடுத்தால் ஹீரோ யார்? டிரைவரா, கண்டக்டரா, டெப்போ மேனேஜரா? ஒருத்தரைப் பிடித்து நிறுத்த முடியாது, பல்லாயிரம் பேர் ஐம்பது வருஷமாகச் செய்த வேலை அது. தொடங்கிய நாளைக் காட்டுவது சுலபம். மறுநாளும் அதற்கு மறுநாளும் ஓடியதைக் காட்டுவது கஷ்டம். சினிமாவுக்கு அந்தக் கஷ்டம் இருப்பது புரிகிறது. வாசிக்கிற நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

அடுத்த முறை உங்கள் ஊரில் ஒரு புதுக் கம்பெனி விமானத்தில் பூ சுற்றி, தண்ணீர் பீய்ச்சி, எம்எல்ஏ கொடி அசைத்து முதல் சேவை தொடங்கும்போது மூன்றே கேள்வி கேளுங்கள். ஒப்பந்தம் எத்தனை வருஷம்? நிறுத்தினால் யாருக்கு அபராதம்? ஓடுபாதை யாருடைய காட்டில் போட்டது? இந்த மூன்றுக்கும் பதில் வந்த பிறகு நானும் வந்து கைதட்டுகிறேன்.